என் ஹெட்லைனும் அமுச்சியின் கயிற்றுக் கட்டிலும்: சோமனூருக்கு அடியில் 40 கிலோமீட்டர்!

சோமனூரில் ஒருவருக்கு நடுராத்திரியில் விழிப்பு வந்தால், கரன்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சத்தம் வந்தால்தானே தூக்கம் கலையும் என்பார்கள். எங்களுக்குச் சத்தம் நின்றால்தான் கலையும்.

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். எட்டுத் தறிகள். கூலிக்குக் காடா துணி ஓட்டுகிறோம். ஒவ்வொரு தறியும் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து அனுப்பும். எட்டும் சேர்ந்து ஓடினால் சொம்புத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். சுவரில் சாய்ந்தால் முதுகுத்தண்டில் தெரியும். தரையில் படுத்தால் காதுக்குள் தெரியும்.

அம்மாவின் அம்மாவை எங்கள் பக்கம் அமுச்சி என்போம். அப்புச்சி போன பிறகு அமுச்சி எங்களோடுதான் இருக்கிறார். சுவரோரம்தான் அவர் படுக்கை. தூக்கத்திலேயே கை சுவரில் இருக்கும். திடீரென்று எழுந்து, "மாப்ள, மூணாவது தறி நின்னு போச்சுங்" என்று அப்பாவுக்குக் குரல் கொடுப்பார். அப்பா போய்ப் பார்த்தால் மூன்றாவது தறியில் ஊடை அறுந்திருக்கும். எட்டுத் தறி சத்தத்தில் ஒன்று குறைந்ததை, நடுவில் செங்கல் சுவர் இருக்கும்போது, கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

சின்ன வயதில் இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. அதே வேலையைத்தான் கருவிகளை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் செய்கிறார்கள், எங்கள் ஊருக்கு அடியில் 40 கிலோமீட்டர் ஆழம் வரை பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிய எனக்கு இருபத்து நான்கு வயதாக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்ய வேண்டியிருந்தது.

அடுத்தது நாமா?

2023 பிப்ரவரி 6. துருக்கியையும் சிரியாவையும் நிலநடுக்கம் சின்னாபின்னமாக்கிய நாள். அப்போது நான் வேறொரு செய்தி இணையதளத்தில் டிஜிட்டல் டெஸ்க்கில் இருந்தேன். இதழியல் டிப்ளமோ முடித்து இரண்டாவது வேலை. டெஸ்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், உலகத்தில் எங்கே எது நடந்தாலும் சாயங்காலத்துக்குள் ஒரு 'லோக்கல் ஆங்கிள்' வேண்டும். "நீ கோவைப் பொண்ணுதானே, கோவைக்கு ஆபத்து இருக்கான்னு ஒண்ணு போடு" என்றார்கள்.

இணையத்தில் தேடினேன். தென்னிந்திய நிலவியல் வரைபடம் ஒன்று கிடைத்தது. பாலக்காட்டிலிருந்து கிழக்கே காவிரியை நோக்கி, கொங்கு நாட்டின் குறுக்கே பட்டையாகக் கோடுகள் போட்டிருந்தார்கள். அந்தக் கோடுகள் என்ன சொல்கின்றன என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்தேன். ஹெட்லைன் இதுதான்: 'கோவைக்கு அடியில் பிரமாண்டப் பிளவு... அடுத்தது நாமா?'

அன்று அந்தத் தளத்தில் அதிகம் பேர் படித்தது அதைத்தான். டெஸ்க்கில் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு நாளில் அது ஸ்கிரீன்ஷாட்டாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்தது. கீழே யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: கோவை, திருப்பூர் மக்கள் நாலு நாளைக்கு வீட்டுக்குள் படுக்க வேண்டாம். மாமா பையன் அதை அமுச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறான்.

அன்று ராத்திரி அமுச்சி போன் செய்தார்.

"ஏனம்முணி, நம்மூருக்கு அடியில நெலம் பொளந்து கெடக்குதாமா? பேப்பர்லயே போட்டுட்டாங்களாமா?"

"அதெல்லாம் சும்மாங் அமுச்சி" என்றேன். அதை எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அமுச்சி நம்பவில்லை. கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுப் படுத்தார். பிப்ரவரிப் பனி எங்கள் பக்கம் விடியற்காலையில் எலும்பைத் தொடும். ஏற்கெனவே இளைப்பு உள்ள உடம்பு. நாலாவது நாள் மூச்சு வாங்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு ராத்திரி ஆக்சிஜன். சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது, "நல்லவேள, நெலம் ஆடறதுக்குள்ள உன்னப் பாத்துட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டே எடிட்டருக்கு மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் ஹெட்லைனை மாற்றினார்கள். ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மாற்ற முடியவில்லை.

"பிளவுங்கிற வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?"

அமுச்சி வீடு திரும்பிய பிறகு, ஒரு தோழி மூலமாக ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். தன் பெயர் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என் கட்டுரையைப் படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, பிளவுங்கிற வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?"

பதில் இல்லை. வரைபடத்தில் கோடு இருந்தது. கோடு என்றால் பிளவு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவர் திட்டவில்லை. "உங்க வீட்ல போர் எத்தனை அடி?" என்றார்.

"தொள்ளாயிரம் அடி. தண்ணி வரலைங்க சார்."

கொங்கு நாட்டில் எல்லார் வீட்டிலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். எங்கள் வீட்டிலும் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்து, பூஜை போட்டு, ரிக் வண்டி வந்து விடிய விடிய ஓட்டினார்கள். வெள்ளைப் புகையாகக் கல்மாவு மட்டும் பறந்தது. அந்தக் கடனை அப்பா அடைக்க மூன்று வருடம் ஆயிற்று.

"தொள்ளாயிரம் அடின்னா கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. உங்க ஊர்ல பூமியோட மேலோடு நாப்பது கிலோமீட்டருக்கு மேல தடிமன். உங்க போர் மாதிரி சுமாரா நூத்தி நாப்பத்தஞ்சு போரை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கினாத்தான் அடி வரும்" என்றார்.

உலகத்திலேயே ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. சோவியத் காலத்தில் 1970-ல் தொடங்கி 12,262 மீட்டர் வரை போனார்கள். அதற்குக் கீழே போக முடியவில்லை. எதிர்பார்த்ததைவிடச் சூடு அதிகம். மனிதன் தோண்டியதில் அதிகபட்சமே 12 கிலோமீட்டர்தான் என்றால், 40 கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

தட்டிப் பார்த்துத்தான். சந்தையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அதேதான். ஓட்டை இருந்தால் சத்தம் மாறும். பூமியைத் தட்டினால் அதிர்வு உள்ளே போகும். பாறையின் தன்மைக்கு ஏற்ப வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். ஒரு வகைப் பாறை முடிந்து இன்னொரு வகை தொடங்கும் இடத்தில் கொஞ்சம் திரும்பி மேலே வரும். வந்து சேரும் நேரத்தைக் குறித்துக்கொண்டால், மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணித் தூரத்தைச் சொல்வது போல, ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

இப்படி முதலில் கணக்குப் போட்டவர் குரோஷியாக்காரர், ஆந்திரியா மொகொரோவிசிச். 1909 அக்டோபர் 8-ல் ஸாக்ரெப் நகருக்குத் தெற்கே ஒரு நிலநடுக்கம் வந்தது. பல ஊர்களின் பதிவுகளை அவர் வாங்கிப் பார்த்தார். ஒரே நிலநடுக்கத்தின் முதல் அலை, சில இடங்களில் இரண்டு தனித்தனி அலைகளாக வந்து சேர்ந்திருந்தது. ஒன்று மேலோட்டின் வழியாகவே வந்தது. இன்னொன்று கீழே இறங்கி, அதிக வேகம் தரும் அடர்த்தியான பாறை வழியாகச் சுற்றி வந்தது. சந்து வழியாகப் போகிறவரை, சுற்றி பைபாஸில் போகிறவர் முந்துவது போல. அந்த பைபாஸ் தொடங்கும் எல்லைக்கு இன்று அவர் பெயர்தான். சுருக்கமாக மோஹோ. அதற்கு மேலே இருப்பது மேலோடு. மேலோட்டின் மேல்பகுதியில் அலை விநாடிக்கு 6 கிலோமீட்டர் வாக்கில் ஓடும். மோஹோவைத் தாண்டினால் 8 கிலோமீட்டர்.

குப்பத்திலிருந்து பழனிவரை

இதை இந்தியாவில் செய்தவர்கள் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர். முதல் பெரிய முயற்சி 1972 முதல் 1975 வரை, சோவியத் விஞ்ஞானிகளோடு சேர்ந்து நடந்தது. ஆந்திராவின் கிழக்குக் கரையில் காவலியிலிருந்து கர்நாடகாவின் மேற்குக் கரையில் உடுப்பிவரை, தீபகற்பத்தின் குறுக்கே சுமார் 600 கிலோமீட்டருக்கு ஒரு கோடு. அந்தக் கோடு நெடுகத் துளை போட்டு வெடிமருந்து இறக்கி வெடிப்பார்கள். தரையில் வரிசையாக நட்டுவைத்த கருவிகள், திரும்பி வரும் அதிர்வைப் பதிவு செய்யும்.

பிறகு கொங்கு நாட்டின் முறை வந்தது. ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பத்திலிருந்து தெற்கே பழனிவரை சுமார் 300 கிலோமீட்டர். அதே முறை, இன்னும் நுட்பமான கருவிகள். அதன் முடிவுகளை 2003-ல் இந்திய நிலவியல் சங்கம் தனித் தொகுப்பாகவே வெளியிட்டது. வெடித்த இடத்திலிருந்து அலை நேராகக் கீழே போய், மோஹோவில் பட்டு, மேலே திரும்பி வர சுமார் 13 விநாடி. எங்கள் குடோனில் அதற்குள் ஒரு தறி முப்பது தடவை நாடா அடித்திருக்கும்.

வெடி வைக்காமலும் பார்க்கலாம். ஜப்பானிலோ இந்தோனேசியாவிலோ பெரிய நிலநடுக்கம் வந்தால், அதன் அலை பூமியின் வயிற்றுக்குள் புகுந்து நமக்குக் கீழிருந்து மேலே வரும். மோஹோவைத் தாண்டும்போது அதில் ஒரு பங்கு, மெதுவாகப் போகும் வேறு வகை அலையாக மாறிவிடும். அது முதல் அலைக்குச் சுமார் 5 விநாடி பின்தங்கித் தரைக்கு வரும். அந்தப் பின்தங்கலை அளந்தால் மேலோட்டின் தடிமன் தெரியும். எங்கோ நடக்கும் துயரத்தின் அதிர்வு, நம் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறது. துருக்கி நிலநடுக்கத்தின் அலைகளும் அன்று எங்கள் ஊருக்குக் கீழே கடந்துதான் போயிருக்கும். நான் அந்த நேரத்தில் ஹெட்லைன் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கருவிகளுக்கு ஒரே ஒரு எதிரி, சத்தம். ரோடு, ரயில், மில் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அமைதியான பாறைமேல் வைக்க வேண்டும். 2020-ல் ஊரடங்கு வந்தபோது உலகம் முழுவதும் மனிதர்கள் உண்டாக்கும் நில அதிர்வு பாதி அளவுக்குக் குறைந்ததாக அந்த ஆண்டே ஓர் ஆய்வு வெளியானது. "உங்க சோமனூர்ல கருவி வெச்சா தறியைத் தவிர ஒண்ணும் கேக்காது" என்று ஆசிரியர் சிரித்தார்.

எனக்கு 2022 ஜனவரி ஞாபகம் வந்தது. கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த நாள்கள். ஊரே நின்றுபோனது. சொம்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அமுச்சி ராத்திரியெல்லாம் சுவரைத் தடவிக்கொண்டே படுத்திருந்தார். உலகத்துக்கு அமைதி என்பது தெளிவாகக் கேட்கும் நேரம். எங்களுக்கு அடுத்த வாரக் கூலி இல்லை என்று அர்த்தம்.

பிளவு இல்லை, பிணையல்

சரி, குப்பம்–பழனிக் கோட்டில் என்ன தெரிந்தது?

பவானி ஆற்றுப் பக்கம் வரும்போது, ஆழத்தில் பாறை அடுக்குகள் சாய்ந்திருக்கும் திசை மாறுகிறது. ஒரு பக்கம் இருப்பவை ஒரு திசையில் சாய்கின்றன. மறுபக்கம் இருப்பவை எதிர்த்திசையில் சாய்கின்றன. இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்ட இடத்தில்தான் இப்படி இருக்கும் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். வடக்கே இருப்பது, கர்நாடகா முழுக்கப் பரவியிருக்கும் மிகப் பழைய தார்வார் நிலத்துண்டு. தெற்கே இருப்பது வேறு துண்டு. நடுவில் பாறைகள் உரசி, இழுபட்டு, கசங்கிய அகலமான பட்டைகள். அவற்றில் ஒன்றைத்தான் பாலக்காடு–காவிரி ஷியர் ஸோன் என்கிறார்கள். நான் வரைபடத்தில் பார்த்துப் 'பிளவு' என்று எழுதிய கோடுகள் இவைதான்.

அதாவது, இரண்டாகப் பிரிந்த இடம் என்று நான் எழுதியது, இரண்டு ஒன்றாகச் சேர்ந்த இடம்.

எப்போது சேர்ந்தது என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. 250 கோடி ஆண்டுக்கு முன்பே என்கிறது ஒரு தரப்பு. நீலகிரிப் பாறைகளின் வயது அந்த வாக்கில்தான். இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒரே கண்டமாகக் கூடிய சுமார் 55 கோடி ஆண்டுக்கு முந்தைய காலத்தில்தான் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டில் எதுவாக இருந்தாலும் மனிதன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு விஷயம். கொங்கு நாட்டிலும் சுற்றியுள்ள மலைகளிலும் வெளியே தெரியும் பாறைகளில் பல, இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், அங்கே இருக்கும் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் உருவாக முடியும். இன்று அவை வெயிலில் கிடக்கின்றன. அப்படியானால் அவற்றின் மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டு மழையிலும் காற்றிலும் கரைந்து போயிருக்கிறது. அத்தனை போன பிறகும் அடியில் இன்னும் 40 கிலோமீட்டர் மிச்சம் இருப்பதை அலைகள் சொல்கின்றன. இரண்டையும் கூட்டுங்கள். அறுபது, எழுபது வரும். இன்றைக்கு அந்தத் தடிமனில் மேலோடு இருப்பது இமயமலை, திபெத் போன்ற இடங்களுக்கு அடியில்தான்.

நொய்யல் கரையில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் இந்தச் சமதரையில், ஒரு காலத்தில் இமயம் மாதிரி மலை நின்றிருக்கிறது. அப்பா தோண்டிய வறண்ட போர், அதன் அடிவேரைத்தான் தொட்டிருக்கிறது.

அப்படியென்றால் பயம் வேண்டாமா?

இந்தக் கேள்வியை ஆசிரியரிடம் கேட்டேன். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அதையே அடுத்த ஹெட்லைனாகப் போட்டுவிடலாம் என்று மனதில் ஒரு ஓரத்தில் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

தென்னிந்தியா ஆடாத நிலம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1967 டிசம்பர் 11-ல் மகாராஷ்டிராவின் கொய்னா அணைப் பக்கம் நிலம் ஆடியது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை லாத்தூர் பக்கம் கில்லாரியில் ஆடி, பத்தாயிரம் பேர் வரை பலியானார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனமான சுவர்களும் கூரைகளும் தூங்கியவர்கள் மேல் விழுந்தன. அந்த நம்பிக்கை அன்றோடு போனது.

எங்கள் ஊருக்கும் கணக்கு உண்டு. 1900 பிப்ரவரி 8 அதிகாலை, கோவை–பாலக்காடு வட்டாரத்தை மையமாக வைத்து ஒரு நிலநடுக்கம் வந்தது. அளவு சுமார் 6 என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணர்ந்திருக்கிறார்கள்.

இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போய் ஆசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் தெற்குவரை பரவுகிறது. பழைய பிணையல் பட்டைகளில் எங்காவது அபூர்வமாக அது வெளிப்படலாம். அதனால்தான் 2002-ல் திருத்திய நில அதிர்வு வரைபடத்தில் கோவையை மூன்றாம் மண்டலத்தில், அதாவது நடுத்தர அபாயப் பகுதியில் சேர்த்தார்கள். நாளைக்கா, நூறு வருடம் கழித்தா என்று நாள் குறிக்க உலகத்தில் யாராலும் முடியாது. நாலு நாளைக்கு வெளியே படு என்று சொல்கிறவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. வீட்டை ஒழுங்காகக் கட்டு, சுவர் விரிசலைப் பார், தலைக்கு மேலே கனமான பொருளை வைக்காதே என்று சொல்கிறவரிடம் இருக்கிறது.

இந்தக் கடைசி இரண்டு வரியை ஹெட்லைனாக்க முடியாது. நானும் முயன்று பார்த்தேன்.

அட்டாலியில் இருந்த அண்டா

அன்று ராத்திரி சோமனூர் வந்து, அமுச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

"அமுச்சி, அந்தச் செய்தியை எழுதுனது நான்தானுங்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நாலு நாளா என்னையப் பனியில படுக்க வெச்சது நீயா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "செரி, அழுவாத. இப்பச் சொல்லு. அடியில நெசமாவே என்னதான் இருக்குது?"

அமுச்சி கல்யாணமாகி வந்த காலத்தில் கைத்தறிக்குத் தார் சுற்றியவர். அவருக்கு ஷியர் ஸோனும் மோஹோவும் எதற்கு?

"பழைய பாவு முடியற போது, புதுப் பாவ அதோட பிணைக்கறோமில்லைங். ஒவ்வொரு இழையா முடிச்சுப் போட்டு. அந்த மாதிரி ரெண்டு நெலத்தைப் பிணைச்ச எடமுங் நம்மூரு."

"யாரு பிணைச்சது?"

"தானா மோதிப் பிணைஞ்சதுங். கோடிக்கணக்கான வருசம் ஆச்சு."

"பிணைச்ச எடம் அறுகுமா?"

"கெட்டியாத்தான் இருக்குதுங். ஆனா ரொம்ப இழுவை வந்தா எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு இழை அறுகலாமாம். நூத்தியிருவது வருசத்துக்கு முன்னால அப்படி ஒருக்கா ஆடியிருக்குதுங்."

அமுச்சி சட்டென்று நிமிர்ந்தார். "அதுவா! எங்க ஆத்தா சொல்லும். அது சின்னப்புள்ளையா இருக்கறப்ப, விடியறதுக்கு முன்னால ஊடே ஆடுச்சாமா. அட்டாலில இருந்த பானையெல்லாம் உருண்டு உழுந்து ஒடைஞ்சுதாமா. நாங்க கதைன்னு நெனச்சோம்."

அவருடைய ஆத்தாவுக்கு 1900-ல் எத்தனை வயதிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து வயது வாக்கில் வந்தது. அது அந்த நிலநடுக்கம்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால், நான் கூகுளில் தேடிய அன்று, ஒரு போன் போட்டு அமுச்சியைக் கேட்டிருந்தால் அந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். டிப்ளமோவில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள், ஊர்ப் பெரியவர்களிடம் கேள் என்று. என் வீட்டுப் பெரியவரிடம் நான் பொய்தான் சொன்னேன்.

"இழை அறுகறது எந்தத் தறியிலயும் நடக்கறதுதானே" என்றார் அமுச்சி. "அதுக்காவத் தறிய நிறுத்திப்போட்டு வாசல்ல போயா உக்காந்துக்கறோம்? பாத்துட்டே இருக்கோணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அப்பா ஏணிமேல் நின்றிருந்தார். அமுச்சி கீழே நின்று ஏவிக்கொண்டிருந்தார். அட்டாலியில் முப்பது வருடமாக அமுச்சியின் தலைமாட்டுக்கு நேர் மேலே இருந்த பித்தளை அண்டா இறங்கியது. அம்மிக்குழவி இறங்கியது. குடோன் சுவரில் தறி அதிர்வால் விழுந்திருந்த விரிசலைப் பார்க்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தார்கள். கூலி வந்ததும் பூசிவிடலாம் என்று அப்பா சொன்னார்.

கயிற்றுக் கட்டில் மறுபடி உள்ளே, சுவரோரம் வந்துவிட்டது. அமுச்சியின் கை வழக்கம்போலச் சுவரில். நான் கிளம்பும்போது கண்ணை மூடியபடியே சொன்னார்:

"அம்முணி, ஆறாவது தறி நின்னு போச்சு. உங்கப்பனுக்குச் சொல்லிட்டுப் போ."